நூற்றுக்கு எட்டு

சம்மாந்துறையில் நெல் காயும் மாதம்.
எங்கள் ஆலைக்குள் வெயில் இல்லை,
சூடு மட்டும்.

பொலிப்ரொப்பிலீன் குருணையாய் வரும்,
கழுவிய அரிசித் தண்ணீர் நிறத்தில்.
உருக்கித் தாளாக்கி, தொட்டியில் குளிரவிட்டு,
பிளேடு வரிசையால் கீறி,
அடுப்புக்குள் ஒரு முழத்தை ஆறு முழமாக இழுத்தால்
நாடா.
இழுபட இழுபடத்தான் அதற்குப் பலம்.
கலைந்து கிடந்த சங்கிலிகள் எல்லாம்
ஒரே திசை பார்த்துப் படுத்துவிடும்.
குறையும் அதிலேதான்:
நெடுக்கில் நகம் வைத்தால்
தென்னோலை மாதிரிக் கிழியும்.

அதற்குத்தான் சுண்ணக்கல் தூள்.
கொஞ்சம்.
நூற்றுக்கு இரண்டு, மூன்று போட்டால்
நாடா பிளக்காது,
பைமேல் பை அடுக்கினால் வழுக்காது,
முகத்தில் பதித்த மயிலின் மை உரியாது.
வெள்ளையாயும் இருக்கும்.
வெள்ளை என்றால் நல்லது என்று
வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள்.

நாலில் நான் பேசாமல் இருந்தேன்.
ஐந்தில் இழுவைமானியின் முள்
பழைய இடத்துக்கு ஏறவில்லை.
ஆறில் றஸ்மி முதலாளியிடம் போனேன்.
"குருணை கிலோ என்ன விலை மலர்?
தூள் கிலோ என்ன விலை?"
எனக்கு இரண்டும் தெரியும்.
திரும்பி வந்தேன்.
எட்டில், இரவு வேலையில் லோஜிதன் கூப்பிட்டான்:
பிளேடு மழுங்குது அக்கா, நாடா நிண்டு நிண்டு அறுகுது.
மீசையெல்லாம் தூள் அவனுக்கு.
பதிவேட்டில் அந்த இரவுக்கு நேரே
"சரி" என்று இருக்கிறது.
என் எழுத்துத்தான்.

வெயிலுக்கான மருந்து வேறு.
நூற்றில் கால் பங்கு போதும்; விலையோ பொன்.
போட்டோமா இல்லையா என்று
புதுப் பை சொல்லாது,
என் முள்ளும் சொல்லாது.
வெயிலிடம்தான் கேட்க வேண்டும்.

வைகாசியில் சவளக்கடையிலிருந்து
குலவீரசிங்கம் வந்தார்.
நாற்பது மூட்டையில் பதினொன்று
வழியிலேயே வாய் பிளந்து
வீரமுனைச் சந்தி வரைக்கும் நெல்லால் ஒரு கோடு.
"இஞ்ச பாருங்க" என்று பையைப் பிடித்தார்.
பிடித்த இடம் கையோடு வந்தது.
"விலை ஏறட்டும் எண்டு வளவுக்க அடுக்கி வச்ச நான்.
மேலுக்குப் படங்கு போட்ட.
பக்கத்தால வெயில் பட்டது, ரெண்டு மாசம்தான்.
மறுகா தூக்கினா இப்பிடி."
அவருடைய விரல் ரேகைக்குள்
எங்கள் எட்டு வீதம்
வெள்ளையாய் இருந்தது.
சத்தம் போடவில்லை அவர்.
போட்டிருக்கலாம்.

அன்றிரவு ஏனோ
நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் சோதனைச் சாவடி
நினைவில் வந்து நின்றது.
அதன் மண்மூட்டைகள்
ஆறு வருச வெயிலுக்கும் நூல் பிரியவில்லை.
புல் முளைத்தது, பை அப்படியே இருந்தது.
அந்தக் கலவையை எழுதியவனிடம்
இது நெடுநாள் நிற்கவேண்டும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
நெல்லுக்காக
எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது என் வீட்டுத் தகரக் கூரையில்
பன்னிரண்டு நாடாத் துண்டுகள் கட்டியிருக்கிறேன்,
இலக்கம் போட்டு:
இரண்டு, நாலு, ஆறு, எட்டு,
மருந்து இட்டது, இடாதது.
கிழமைக்கு ஒன்றை அவிழ்த்து
ஆலைக்குக் கொண்டுபோய் இழுத்துப் பார்க்கிறேன்.
முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தும் இருக்கலாம்.

நாலாம் கிழமை ஒரு துண்டைக் காணோம்.
பக்கத்து வேம்பில் காக்கைக் கூடு,
சுள்ளி, கம்பித் துண்டு,
நடுவே வெள்ளையாய் ஒரு வளையம்.
ஏணி வைத்து ஏறினேன்.
தலையில் இரண்டு கொத்து வாங்கினேன்.
இலக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்கினேன்.

என் கொப்பியில் அந்த வரி இப்படி:
எட்டு வீதம், மருந்து இல்லை.
இடம்: கூடு.
முட்டை: மூன்று.
காலை வெயில் படுகிறது.